உறைவிட இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைத் தவிர வேறு எவற்றைப் பார்க்க வேண்டும்?

தம்பியின் அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடும் வலிப்பு நோயும் சிறு வயதிலிருந்தே உண்டு. பேச்சு மிகவும் குறைவு. பிடித்தது நடந்தால் கையைத் தட்டுவான். பிடிக்காதது நடந்தால் சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். உணவைச் சரியாக மெல்லாமல் விழுங்குவதால் அடிக்கடி புரையேறும். இத்தனை ஆண்டுகளாக அம்மாதான் அவனைப் பார்த்துக்கொண்டார். முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, அவனைக் குளிப்பாட்டவும், வலிப்பு வந்து சாயும்போது தாங்கிப் பிடிக்கவும் அவரால் முடிவதில்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு, அவனை ஓர் உறைவிடப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவு சரியா தவறா என்று நான் இங்கே கேட்கவில்லை. அதற்காக நாங்கள் அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டோம்.

இதுவரை இரண்டு இல்லங்களைப் பார்த்தோம். முதல் இல்லம் புதிய கட்டடம். வரவேற்பறைச் சுவர் முழுவதும் சட்டம் போட்ட சான்றிதழ்கள், நடைவழிகள் எங்கும் கண்காணிப்பு கேமரா, பளபளக்கும் தரை. மேலாளரே உடன் வந்து சுற்றிக் காட்டினார். ஆனால் நாங்கள் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் இல்லவாசிகள் யாருடைய குரலும் கேட்கவில்லை. எல்லோரும் தொலைக்காட்சிக்கு எதிரே வரிசையாக அமர்ந்திருந்தார்கள். இரண்டாவது இல்லம் பழைய வீடு, ஒன்பது பேர் இருக்கிறார்கள். சுவரில் வண்ணம் உரிந்திருந்தது. குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லை. அவனுக்குத் தருவதாகச் சொன்ன அறை மாடியில் இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததுமே ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பெயரைக் கேட்டார். இன்னொருவர் தான் மடித்து வைத்த துணிகளைக் காட்டினார்.

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. சான்றிதழும் கேமராவும் இருந்தால் பாதுகாப்பு உறுதியா? நல்ல பராமரிப்பை வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் எப்படி அடையாளம் காண்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இத்தகைய இல்லங்களில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தவன். முதல் ஆறு ஆண்டுகள் பராமரிப்பாளராக, பிறகு மேற்பார்வையாளராக. என் அனுபவத்தில் ஓர் இல்லத்தின் உண்மையான தரம் காலை பதினொரு மணிக்குத் தெரியாது. இரவு பதினொரு மணிக்குத்தான் தெரியும். ஆகவே முதல் கேள்வியாக, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்கள் விழித்திருக்கிறார்களா அல்லது தூங்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உங்கள் தம்பிக்கு வலிப்பு நோய் இருப்பதால் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காமல் நீடித்தால் அது அவசர நிலை. அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கிட, வலிப்பு தொடங்கியதையே யாராவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது தீ. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோருக்கான விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். அதைத் தீ விபத்து என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. நெருப்புக்கு முன்பே சங்கிலி அவர்களைச் சாவுக்குக் கட்டி வைத்துவிட்டது. இன்று சங்கிலி இல்லாத இல்லங்களிலும் வெளியே பூட்டிய கதவு, கம்பி அடித்த ஜன்னல், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத அவசர வாசல் ஆகியவை அதே வேலையைச் செய்யக்கூடும். தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடைசியாக இரவு நேரத்தில், இரவுப் பணியாளர்களை மட்டுமே வைத்து, எப்போது ஒத்திகை நடத்தினார்கள், எல்லோரையும் வெளியேற்ற எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேளுங்கள். ஒவ்வொருவரையும் யார், எந்த வழியாக, எப்படி அழைத்துச் செல்வது என்று ஆளுக்கொரு தனித் திட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். தானாக நடந்து இறங்க முடியாதவரையோ வலிப்பு உள்ளவரையோ மாடியில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

குளியலறைக்குப் போங்கள். சூடான நீர்க் குழாயைத் திறந்து நீங்களே கை வைத்துப் பாருங்கள். தொட்டியில் தேக்கி வைக்கும் வெந்நீரை 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைப்பது, நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளராமல் தடுப்பதற்காக. ஆனால் அதே 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலை வேக வைத்துவிடும். அதனால்தான் குழாயருகே குளிர்ந்த நீரைக் கலந்து வெப்பத்தைக் குறைக்கும் வால்வு தேவைப்படுகிறது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டுதலில், தானாகத் தற்காத்துக்கொள்ள முடியாதவர்கள் உடல் முழுதும் அமிழ்ந்து குளிக்கும் நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றிருக்கிறது. சுடுகிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு இந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதை, வெந்த காலுக்கு மருந்து போட்ட பிறகுதான் நான் உணர்ந்தேன். வலிப்பு உள்ளவரைக் குளியல் தொட்டியில் ஒரு கணமும் தனியே விடக் கூடாது. தண்ணீரை மொண்டு ஊற்றியோ ஷவரிலோ உட்கார வைத்துக் குளிப்பாட்டுவதே மேல்.

புரையேறுவதைப் பற்றிச் சொன்னீர்கள். தயவுசெய்து அதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடாதீர்கள். உணவின் பதத்தையும் பானத்தின் கெட்டித்தன்மையையும் 0 முதல் 7 வரை எண்ணிட்டு வகுத்த ஐ.டி.டி.எஸ்.ஐ. என்னும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் உங்கள் தம்பிக்குரிய நிலையைச் சொல்லிவிட்டால், அந்த எண் சமையலறைச் சுவரிலும் அவருக்குப் பரிமாறுகிறவர் மனத்திலும் இருக்க வேண்டும். சமையல் செய்பவரையே கேட்டுப் பாருங்கள். "எல்லோருக்கும் ஒன்றுதான் சமைக்கிறோம்" என்று அவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் பணியாற்றிய ஓர் இல்லத்தில், பேச்சில்லாத ஓர் இளைஞர் திடீரெனத் தன் கன்னத்தைக் கையால் அறைந்துகொள்ளத் தொடங்கினார். "நடத்தைக் கோளாறு" என்று பதிவேட்டில் எழுதினோம். மனநல மருந்தின் அளவு கூட்டப்பட்டது. அவர் தள்ளாடினார், தூங்கினார், விழித்தால் மறுபடியும் அறைந்துகொண்டார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்த ஒரு பணியாளர், அவர் எப்போதும் ஒரே கன்னத்தைத்தான் அறைகிறார் என்பதைக் கவனித்தார். பல் மருத்துவரிடம் அழைத்துப் போனால், கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்த மூன்றாம் நாள் அறைவது நின்றுவிட்டது. பதிவேட்டில் அந்த இரண்டு மாதமும் என் கையெழுத்து இருக்கிறது. வலியையும் மலச்சிக்கலையும் காது வலியையும் "நடத்தை" என்று எழுதுவது இத்துறையில் மிகப் பரவலான தவறு. மலச்சிக்கல் என்றதும் அலட்சியமாக எண்ண வேண்டாம். மருந்துகளாலும் அசைவின்மையாலும் குடல் அடைபட்டு உயிர் போவதும் உண்டு. ஆகவே, "திடீரென ஒருவர் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உடலைப் பரிசோதிப்போம் என்ற பதில் வரவேண்டும்.

ஆய்வுக்குழுவில் இருந்தவர் எழுதியது:

நண்பர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். இல்லங்களைப் பார்வையிட்டு அறிக்கை தரும் குழுவில் இருந்தவன் என்ற முறையில், சான்றிதழ் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு பகுப்பை முன்வைத்தார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே அது. கட்டடம், பணியாளர் எண்ணிக்கை, உரிமம், கேமரா எல்லாம் கட்டமைப்பு. அன்றாடம் உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பது செயல்முறை. அதனால் அந்த மனிதருடைய வாழ்க்கை என்ன ஆயிற்று என்பது விளைவு. ஆய்வுக்குப் போகிற எங்களுக்கு முதலாவதை அளப்பது எளிது, மூன்றாவதை அளப்பது கடினம். அதனால் சான்றிதழ்களில் பெரும்பாலும் முதலாவதே இடம்பிடிக்கிறது. உரிமம் இல்லாத இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமம் வாசல்படி மட்டுமே.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக நடத்தப்பட்டது. முறையாகப் பதிவு பெற்றது. கண்காணிப்பு ஆணையத்தின் வரம்புக்குள் இருந்தது. அங்கே பணிபுரிந்த ஒரு செவிலியர், நடக்கும் கொடுமைகளைப் பற்றி நிர்வாகத்திடமும் ஆணையத்திடமும் புகார் செய்தும் பயனில்லாமல் போயிற்று. 2011-இல் பிபிசி தொலைக்காட்சி மறைகேமராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. பதினொரு பேர் தண்டனை பெற்றார்கள், அவர்களில் ஆறு பேர் சிறைக்குச் சென்றார்கள். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1972-இல், நியூயார்க்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இருந்த வில்லோபுரூக் அரசு நிறுவனத்தின் அவலமும் தொலைக்காட்சி வழியாகத்தான் வெளிவந்தது. இந்த இரண்டையும் படித்தபோது என் மனத்தில் பதிந்தது ஒன்றுதான்: உள்ளே இருந்த யாரோ ஒருவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது, அவர் சொன்னது போய்ச் சேரத்தான் வழியில்லாமல் இருந்திருக்கிறது.

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது புகார் போகும் வழியை. விபத்து மற்றும் சம்பவப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். பெயர்களை மறைத்துக்கொண்டு காட்டினால் போதும். பக்கங்கள் வெறுமையாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பல பேர் வாழும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் யாரும் விழவில்லை, யாருக்கும் மருந்து தவறவில்லை, யாருக்கும் புரையேறவில்லை என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை, எழுதவில்லை என்றுதான் பொருள். நல்ல பதிவேட்டில் சிறிய தவறுகள் நிறைய இருக்கும். அதன் கீழே என்ன மாற்றம் செய்தார்கள் என்பதும் இருக்கும். மருந்துப் பதிவேட்டில் ஒரு வாரத்துக்குரிய கையெழுத்துகள் எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தால், அது கொடுத்த நேரத்தில் எழுதியதல்ல.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளைக் கண்காணிக்க 2018-இல் பணியைத் தொடங்கிய தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மரணம், கடுமையான காயம், வன்கொடுமை, புறக்கணிப்பு போன்றவற்றைச் சேவை நிறுவனம் அறிந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றி ஒருவரைக் கட்டுப்படுத்தினால், அதனால் தீங்கு நேராவிட்டாலும், ஐந்து வேலை நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். கட்டுப்படுத்துதல் என்றால் கட்டிப்போடுவது மட்டுமல்ல. அறையில் தனியே அடைப்பதும், சக்கர நாற்காலியின் பெல்ட்டைத் தேவையின்றி மாட்டி வைப்பதும், அடங்கிக் கிடக்க மருந்து கொடுப்பதும் அதில் சேரும். குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்திப் பிடிப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. இந்த இல்லத்தில் யார், எந்தச் சூழலில், யாருடைய அனுமதியோடு இவற்றைச் செய்யலாம் என்பதற்கு எழுத்து வடிவில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. அதன் 16-ஆவது பிரிவு, இத்தகைய இடங்கள் அனைத்தையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. சுதந்திரமான என்ற சொல்லைக் கவனியுங்கள். புகாரை அதே மேலாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால் அது புகார் வழியல்ல.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுக்காது. பெரும்பாலான இடங்களில் திரைக்கு முன்னால் யாரும் அமர்ந்திருப்பதில்லை. குளியலறை, கழிப்பறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் கேமரா இருக்கக் கூடாது. துன்புறுத்தல் எளிதாக நடப்பதும் அந்த இடங்களில்தான்.

இல்லத்தில் வாழ்ந்தவன் எழுதியது:

எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அக்கா, அந்த இரண்டு இல்லங்களுக்கும் போனபோது உங்கள் தம்பியை அழைத்துச் சென்றீர்களா?

எனக்குப் பெருமூளை வாதம். ஒன்பது ஆண்டுகள் இரண்டு இல்லங்களில் இருந்தேன். இப்போது உதவியாளரின் துணையோடு தனி வீட்டில் வசிக்கிறேன். முதல் இல்லத்தில் என்னை ஒருவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும் என்பதால் ஏழு மணிக்கே என்னைப் படுக்கையில் கிடத்திவிடுவார்கள். அப்போது எனக்கு வயது 26. கோடைக் காலத்தில் வெளியே வெளிச்சம் இருக்கும்போதே, பகல் விளையாட்டின் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். அதை எந்த ஆய்வாளரும் குறையாக எழுதவில்லை. எழுதுவதற்கு அவர்களுடைய படிவத்தில் இடமே இருந்திருக்காது.

1969-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் நிர்யே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் போன்றே நாளின் இயல்பான ஓட்டமும், வாரத்தின் ஓட்டமும், ஆண்டின் ஓட்டமும் கிடைக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் பிற்பாடு படித்தபோது, எனக்குப் பறிபோனது எது என்று முதல்முறையாகப் பெயர் சொல்லத் தெரிந்தது. ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு இன்னும் மேலே போய், எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. வீட்டிலேயே உதவி பெற்று வாழ முடியுமானால் அதுவே முதல் வழி என்பது என் உறுதியான எண்ணம். எல்லாக் குடும்பங்களுக்கும் அது கிடைப்பதில்லை என்பதையும் அறிவேன். ஆகவே உங்களைக் குறை சொல்லவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் எங்களிடமிருந்து எதை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறார்களா? அவரவர் துணி அவரவருக்கே திரும்பி வருகிறதா, அல்லது சலவை முடிந்ததும் கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறார்களா? அவருடைய பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? வேண்டாம் என்று ஒருவர் தட்டை ஒதுக்கினால் என்ன நடக்கிறது? உங்கள் தம்பிக்குப் பேச்சில்லை என்றாலும், சுவரோரம் போய் நிற்பது அவருடைய "வேண்டாம்". அதைப் படிக்கத் தெரியாத இடத்தில் எந்த விதியும் அவரைக் காப்பாற்றாது.

ஒரு தாய் எழுதியது:

என் மகள் நான்கு ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் இருக்கிறாள். ஒன்றே ஒன்று சொல்கிறேன் அம்மா. முன்கூட்டியே சொல்லாமல் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில் சேருங்கள். சேர்த்த பிறகு வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் போங்கள். போகும்போது நகம், பல், குதிகால், வால் எலும்பு இருக்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். முந்தைய ஆண்டு உங்களுக்குச் சுற்றிக் காட்டிய பணியாளர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். ஆள்கள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பிள்ளையை யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

தம்பியின் அக்கா எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. "தம்பியை அழைத்துச் சென்றீர்களா?" என்ற கேள்வியைப் படித்ததும் வெட்கமாக இருந்தது. அழைத்துச் செல்லவில்லை. இந்த வாரம் இரண்டு இடங்களுக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் அவனோடு போனேன்.

முதல் இல்லத்தில் முன் அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். சம்பவப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டேன். மூன்று ஆண்டுகளாக எதுவுமே நடக்கவில்லை என்று மேலாளர் பெருமையோடு சொன்னார். இரண்டாவது இல்லத்தில் அவர்கள் இரவு உணவுக்கு அமர்ந்துகொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் பதிவேட்டை எடுத்து வந்து, ஒருவருக்குப் புரையேறிய நாளைக் காட்டினார். அதன்பின் அவருக்கு உணவை மசித்துத் தருவதாகவும், சாப்பிடும்போது ஒருவர் பக்கத்தில் அமர்வதாகவும் எழுதியிருந்தது. அன்று மாலையும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். என் தம்பி முதல் பத்து நிமிடம் சுவரோரம்தான் நின்றான். யாரும் அவனை இழுக்கவில்லை. ஒரு பெண் பணியாளர் அவனுக்குச் சற்றுத் தள்ளி அதே சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றார். பிறகு அவனே போய் மேசையருகே அமர்ந்தான்.

ஆனால் மாடி அறையும், கம்பியில்லாத குளியலறையும், ஒரே ஒரு வாசலும் அப்படியேதான் இருக்கின்றன. அன்பு இருக்கிறது என்பதற்காக இவற்றை நான் கண்டும் காணாமல் விடலாமா?

இரவுப்பணி எழுதியது:

விடக் கூடாது சகோதரி. அன்பான பணியாளரும் ஒரே வாசல் உள்ள வீட்டில் புகை சூழ்ந்தால் செய்வதறியாமல் நிற்பார். ஆயினும் இவை சரிசெய்யக்கூடியவை. முதல் இல்லத்தில் நீங்கள் கண்டதைச் சரிசெய்வது அதைவிடக் கடினம். கம்பி பொருத்துவதும் வெந்நீர்க் குழாயில் வால்வு மாட்டுவதும் ஓரிரு நாள் வேலை. தரைத்தள அறையும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடிய இரண்டாவது வாசலும், புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் தயாரான பிறகே அவரைச் சேர்ப்பேன் என்று எழுத்தில் கொடுங்கள். "சேர்த்த பிறகு செய்து தருகிறோம்" என்பதை ஏற்க வேண்டாம். அவை முடிந்ததும் ஓர் இரவு ஒத்திகையை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த இடைவெளியில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அம்மாவை உட்கார வைத்து, தம்பியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வாங்குங்கள். வலிப்பு வருமுன் முகம் எப்படி மாறும், வழக்கமாக எத்தனை நிமிடம் நீடிக்கும், எந்த மருந்து எந்த வேளைக்கு, ஒரு வேளை தவறினால் யாரை அழைப்பது, எந்தப் பக்கம் அமர்ந்து ஊட்டினால் நன்றாக விழுங்குவார், வலித்தால் என்ன செய்வார், எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவார் என்று அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த அத்தனையும் அதில் வரட்டும். அது பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. ஷிப்ட் மாறும்போது கையோடு கைமாறும் கோப்பின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். கையைத் தட்டினால் சரி, சுவரோரம் நின்றால் வேண்டாம் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பணியாளர் விடுப்பில் போகும் நாளிலும் அது அங்கே இருக்கும்.